பாடக் குறிப்புகளில் பிழை காணும் முறை

(உப்பூர் ஜமாஅத் சார்பில் பனிரெண்டாம் வகுப்பு மாணவ மாணவியருக்காக நடத்தப்பட்ட கல்வி ஊக்க நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே! நிர்வாகக் குழுவினரே! வருகை தந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! பெரியோர்களே, தாய்மார்களே! இந்நிகழ்ச்சியின் நாயகர்களான மாணவச் செல்வங்களே!

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கல்வி சிறந்தது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் எவருக்கும் நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கடலுக்குச் சென்றும், கடல் கடந்து சென்றும் உழைத்து அனுப்பும் பணத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தரும் பெற்றோர் அதை நம்மைவிட நன்கு அறிவர். ஆகவே நாம் அதைவிடச் சிறிய, ஆனால் இன்றைய நிலையில் அவசரமான ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் கையில் வைத்துப் படிக்கும் குறிப்புகளும் வழிகாட்டி நூல்களும் சரியானவைதாமா? அவற்றில் பிழை இருந்தால் கண்டுபிடிப்பது எவ்வாறு? குறிப்பாக, மாணவர்கள் அதிகம் அஞ்சும் கரிம வேதியியல் வினைகளை எடுத்துக்கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

"ஆலிமுக்கும் வேதியியலுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் எண்ணக்கூடும். வேதியியல் நமது துறை அன்று. இங்கே கூறப்போகும் வேதியியல் செய்திகள் அனைத்தும் அத்துறை ஆசிரியர்களிடம் கேட்டுத் தெளிந்தவை. ஆனால் படியெடுத்த எழுத்தில் பிழை காண்பது என்பது மதரஸாவில் ஓதியவர்களுக்குப் பழகிய கலை. அந்த உரிமையில்தான் பேசுகிறோம்.

ஒரு புள்ளியின் விலை

அரபு எழுத்துகளில் பா, தா, ஸா ஆகிய மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. புள்ளி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதே அவற்றைப் பிரிக்கிறது. அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் கிதாபுகளைக் கையால் படியெடுத்தவர்கள் ஒரு புள்ளியைத் தவறவிட்டால் சொல்லே மாறிவிடும், பொருளும் மாறிவிடும். இவ்வகைப் பிழைக்குத் 'தஸ்ஹீஃப்' என்று பெயர் சூட்டி, அதனைத் தனியாக ஆய்ந்து நூல்களே எழுதினார்கள் அறிஞர்கள். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ அஹ்மத் அல் அஸ்கரி அவர்களின் நூல் அவற்றுள் ஒன்று. ஒரு நூலைப் படியெடுத்து முடித்ததும் வேலை முடிந்ததாக அவர்கள் கருதவில்லை. மூலப் பிரதியுடன் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தனர். அதற்கு 'முகாபலா' என்று பெயர். ஒப்பிடப்படாத பிரதிக்கு அறிஞர்களிடம் மதிப்பில்லை.

தமிழிலும் இதே நிலைதான், மாணவர்களே! ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என்ற மூன்று பெயர்களையும் எழுதிப் பாருங்கள். ஓர் எழுத்தின் குறியில்தான் வேறுபாடு. முதலாவதில் இரு கார்பன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு, இரண்டாவதில் இரட்டைப் பிணைப்பு, மூன்றாவதில் மும்மைப் பிணைப்பு. மூன்றும் வெவ்வேறு வாயுக்கள். மூன்றின் குணமும் வேறு. இன்னும் நுட்பமானது எத்தனால், எத்தனல் என்ற இணை. முன்னது ஆல்கஹால்; பின்னது ஆல்டிஹைடு. இடையில் இருப்பது ஒரே ஒரு துணைக்கால்! தட்டச்சு செய்பவர் கை ஒரு கணம் தவறினால் ஆல்கஹால் ஆல்டிஹைடாகிவிடும். அதன்பின் அந்தப் பக்கத்திலுள்ள வினைகள் எல்லாம் பொருந்தாமல் போகும்.

படத்திலும் இதே ஆபத்து உண்டு. பென்சீனை ஓர் அறுகோணத்தின் உள்ளே ஒரு வட்டமோ மூன்று கோடுகளோ இட்டுக் காட்டுவர். அந்த வட்டம் அச்சில் மங்கிவிட்டால், நகலுக்கு நகல் எடுத்ததில் அழிந்துவிட்டால், மிஞ்சுவது வெறும் அறுகோணம். வெறும் அறுகோணம் சைக்ளோஹெக்சேனைக் குறிக்கும். பென்சீனில் ஆறு ஹைட்ரஜன், சைக்ளோஹெக்சேனில் பனிரெண்டு. ஒரு வட்டம் மறைந்ததால் ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் வந்து ஒட்டிக்கொண்டன! புள்ளி தவறிய கிதாபுக்கும் வட்டம் தவறிய குறிப்புக்கும் என்ன வேறுபாடு?

ஒரு கார்பன் வேறுபாடுதானே என்று அலட்சியமாக இருப்பவர்கள் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்ததை எண்ணிப் பார்க்கட்டும். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனாலில் ஒரு கார்பன், எத்தனாலில் இரண்டு. மெத்தனால் உடலுக்குள் சென்று ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறி, கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறித்து, உயிரையும் எடுக்கிறது. எத்தனால் நன்மை என்று நாம் சொல்ல வரவில்லை. அது அனைவருக்கும் தெரிந்ததே. தாளில் ஓர் எழுத்தாகத் தோன்றும் வேறுபாடு உலகில் எத்தகைய வேறுபாடாக இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

பிழையின் பாரம் யார் தோளில்?

"சிறு பிழைதானே, தேர்வு வாரியம் பார்த்துக்கொள்ளும்" என்று நினைக்க வேண்டாம். இரு நிகழ்ச்சிகளைக் கூறுகிறோம்.

2018-ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. அதை எதிர்த்து அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. 49 வினாக்களுக்கும் தலா 4 வீதம் 196 மதிப்பெண்களைத் தமிழில் எழுதிய மாணவர்களுக்கு வழங்குமாறு உத்தரவிட்டது. தமிழில் எழுதியவர்கள் இருபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆனால் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை முதலில் நிறுத்தி வைத்தது; அதே ஆண்டு அதை ரத்தும் செய்தது. நீதிமன்றங்களின் முடிவுகளுக்கு அவற்றுக்குரிய காரணங்கள் உண்டு. நாம் பெற வேண்டிய பாடம் வேறு. பிழை செய்தவர் யாராயினும், அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் மாணவர்கள்.

இரண்டாவது 2024-ஆம் ஆண்டு நீட். இயற்பியலில் அணுவைப் பற்றிய ஒரு வினா. பழைய பாடநூல் பதிப்பில் இருந்த ஒரு சொல் புதிய பதிப்பில் இல்லை. பழையதைப் படித்தவர்கள் ஒரு விடையையும் புதியதைப் படித்தவர்கள் வேறொரு விடையையும் எழுதினர். தேர்வு முகமை இரண்டையும் ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. டெல்லி ஐ.ஐ.டி.யின் மூன்று வல்லுநர்கள் ஆராய்ந்து ஒரு விடையே சரி என்றனர். பழைய பதிப்பை நம்பி எழுதிய நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு ஐந்து மதிப்பெண் இழந்தனர். சரியான விடைக்கு நான்கு கூடும், தவறான விடைக்கு ஒன்று குறையும். ஆகவே ஒரு தவறின் விலை ஐந்து. முதலில் முழு மதிப்பெண் பெற்றதாக அறிவிக்கப்பட்ட 67 பேர், திருத்தப்பட்ட முடிவில் 17 பேராகக் குறைந்தனர். அக்குறைவில் பெரும் பங்கு இந்த ஒரே வினாவுக்கு உரியது.

முறையாக வெளியிடப்பட்ட பாடநூலில் இருந்த ஒரு சொல்லுக்கே இந்த விலை என்றால், யார் எழுதியது என்றே தெரியாமல் கைப்பேசியில் வந்து சேரும் குறிப்புகளின் நிலை என்ன? வசதியுள்ள பிள்ளைகள் நகரத்துப் பயிற்சி மையங்களில் ஆசிரியரிடம் நேரில் கேட்டு ஐயம் தீர்த்துக்கொள்வர். நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தத் தாளே ஆசிரியர். தாள் தவறினால் கேட்பதற்கு ஆள் இல்லை. 2022 முதல் நம் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடும் 2020 முதல் இருக்கிறது. வாசல் அருகில் வந்திருக்கும் நேரத்தில் ஒரு பிழையான தாள் நம் பிள்ளைகளைத் தடுக்கி விழச் செய்யலாமா?

ஆறு கேள்விகள்

ஒரு கரிம வேதியியல் வினையைக் குறிப்பில் காணும்போது அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஆறு. இவற்றைத் தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

முதற்கேள்வி: கணக்குச் சரியா?

கார்பனுக்கு நான்கு கைகள். ஐந்து பிணைப்புடன் ஒரு கார்பன் வரையப்பட்டிருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், பிழை உறுதி. அடுத்து, இடப்புறக் கார்பன்களையும் வலப்புறக் கார்பன்களையும் எண்ணுங்கள். ஹாஃப்மன் புரோமமைடு வினையை எடுத்துக்கொள்வோம். அசிட்டமைடில் இரண்டு கார்பன். புரோமினும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து வினைபுரிந்தால் கிடைப்பது மெத்திலமீன். அதில் ஒரு கார்பன். சில குறிப்புகளில் எத்திலமீன் என்று காணப்படும். இரண்டுக்கு இரண்டு என்று பார்வைக்குப் பொருத்தமாகவே தோன்றும்! ஆனால் இந்த வினையின் சிறப்பே ஒரு கார்பன் குறைவதுதான். குறைந்த கார்பன் எங்கே போயிற்று? சோடியம் கார்பனேட்டாகப் பக்கத்தில் நிற்கிறது. வரவு செலவு எழுதும் நம் வணிகர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் அது எந்தப் பற்றில் போயிற்று என்று தேடுவோம் அல்லவா?

இரண்டாம் கேள்வி: இருப்பது அமிலத்திலா, காரத்திலா?

'அல்கலி' என்ற சொல் அரபு மொழியின் 'அல் கலீ' என்பதிலிருந்து வந்தது. நம் உவர்நிலங்களில் வளரும் உமரியைப் போன்ற செடிகளை எரித்துக் கிடைக்கும் சாம்பலை அது குறித்தது. அந்தக் காரத்தின் நடுவே ஓர் அமிலம் அமிலமாகவே நிற்க முடியுமா? முடியாது, உப்பாகிவிடும். உப்பூர்ப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை!

இதை மறந்து எழுதப்பட்ட குறிப்புகள் ஏராளம். பென்சால்டிஹைடைச் செறிந்த சோடியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்தால் ஒரு மூலக்கூறு பென்சைல் ஆல்கஹாலாகவும் மற்றொன்று சோடியம் பென்சோயேட் என்னும் உப்பாகவும் மாறும். 1853-இல் கன்னிசாரோ கண்ட வினை இது. குறிப்பிலோ "பென்சாயிக் அமிலம்" என்று இருக்கும். அமிலம் வேண்டுமாயின் பின்னர் வேறோர் அமிலம் சேர்க்க வேண்டும். அந்தப் படி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுச் சோப்பும் அப்படியே. எண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் காய்ச்சினால் கிடைப்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பும் கிளிசராலும். கொழுப்பு அமிலமே கிடைக்கும் என்று எழுதியிருந்தால், அந்தக் குறிப்பை எழுதியவர் சோப்பைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

மூன்றாம் கேள்வி: சூழ்நிலை என்ன?

நம் மாலை நேரப் படிப்பு வகுப்புக்கு வரும் மாணவி ஒருவர் இரண்டு வழிகாட்டி நூல்களை எடுத்துக்கொண்டு வந்தார். எத்தனாலுடன் செறிந்த கந்தக அமிலத்தை 413 கெல்வினில் சூடாக்கினால் ஈத்தீன் கிடைக்கும் என்றது ஒன்று. ஈதர் கிடைக்கும் என்றது மற்றொன்று. "ஹஜ்ரத், இரண்டில் எதை நான் படிப்பது?" என்று கேட்டார். வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பி வைத்தோம். அவர் விடையைச் சொல்லாமல், "வெப்பம் குறைவாக இருந்தால் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்திருக்குமா, ஒன்றே உடைந்து பிரியுமா?" என்று திருப்பிக் கேட்டாராம். அந்தப் பிள்ளையே சிந்தித்துச் சொன்னாள். குறைந்த வெப்பமான 413 கெல்வினில் இரண்டு எத்தனால் மூலக்கூறுகள் இணைந்து நீரை இழந்து ஈதராகின்றன. உயர்ந்த வெப்பமான 443 கெல்வினில் ஒரே மூலக்கூறு நீரை இழந்து ஈத்தீனாகிறது. முதல் நூலில் எண் இடம் மாறியிருந்தது. இனி அந்த மாணவி வாழ்நாளில் இதை மறக்க மாட்டாள்!

குளோரோபென்சீனிலிருந்து ஃபீனால் தயாரிக்கும் வினையும் இத்தகையதே. அம்புக்குறிக்கு மேல் "சோடியம் ஹைட்ராக்சைடு" என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. 623 கெல்வின் வெப்பமும் 300 வளிமண்டல அழுத்தமும் அதற்கு வேண்டும். சாதாரணக் குடுவையில் கலக்கி வைத்தால் ஒன்றும் நடவாது. அம்புக்குறிக்கு மேலும் கீழும் இருப்பவை அலங்காரம் அல்ல, அவையே நிபந்தனைகள். நிபந்தனையின்றி ஒப்பந்தம் செல்லுமா?

நான்காம் கேள்வி: விதி யாருக்கு?

எல்லா விதிக்கும் எல்லை உண்டு. சமச்சீரற்ற அல்கீனுடன் ஹைட்ரஜன் ஹாலைடு சேரும்போது மார்கோனிகாஃப் விதி செயல்படும். பெராக்சைடு இருந்தால் அது தலைகீழாகும். 1933-இல் காரஷும் மேயோவும் இதை விளக்கினர். ஆனால் இந்தத் தலைகீழ் மாற்றம் ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டுமே உரியது. ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு மிக வலிமையானது. அது இந்த வழியில் எளிதில் உடையாது. அயோடைடின் பிணைப்பு எளிதில் உடைந்தாலும், பிறக்கும் அயோடின் அணு இரட்டைப் பிணைப்பில் சேராமல் மற்றோர் அயோடினைத் தேடிக்கொள்கிறது. சுருக்கக் குறிப்புகள் இடத்தைச் சேமிக்க "ஹைட்ரஜன் ஹாலைடு" என்று பொதுவாக எழுதிவிடும். ஒரு சொல்லைச் சுருக்கியதில் விதி தன் எல்லையைத் தாண்டிவிட்டது.

இவ்வாறே கன்னிசாரோ வினை ஆல்பா ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடுகளுக்கு உரியது. அசிட்டால்டிஹைடில் ஆல்பா ஹைட்ரஜன் உண்டு. நீர்த்த காரத்தில் அது ஆல்டால் குறுக்கத்துக்குச் சென்றுவிடும். அனைத்து ஆல்டிஹைடுகளும் ஃபெலிங் கரைசலில் சிவப்பு வீழ்படிவு தரும் என்று எழுதியிருந்தால் அதுவும் பிழை. பென்சால்டிஹைடு டாலன்ஸ் வினைபொருளில் வெள்ளி ஆடியைத் தரும். ஃபெலிங் கரைசலில் ஒன்றும் தராது. "அனைத்து", "எப்போதும்", "எந்த ஒரு" என்ற சொற்களைக் கண்டால் பென்சிலால் ஒரு கோடிட்டு வையுங்கள். பிழைகள் அவற்றின் நிழலில்தான் தங்கும்.

ஐந்தாம் கேள்வி: வந்த வழி எது?

விளைபொருளை மட்டும் மனப்பாடம் செய்பவர் பிழையைக் காண முடியாது. வழியை அறிந்தவரே காண்பார். வில்லியம்சன் ஈதர் தொகுப்பு வினை 1850-இலிருந்தே அறியப்பட்டது. மூவிணைய பியூட்டைல் புரோமைடையும் சோடியம் மெத்தாக்சைடையும் சேர்த்து ஈதர் பெறலாம் என்று குறிப்பில் இருக்கும். எழுத்தில் பார்த்தால் இரு துண்டுகளும் அழகாக ஒட்டுகின்றன. ஆனால் மூவிணையக் கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் காவலர்களைப் போல் நிற்கின்றன. உள்ளே நுழைய வழியில்லாத மெத்தாக்சைடு அருகிலுள்ள ஹைட்ரஜனைப் பறித்துவிடும், கிடைப்பது அல்கீன். துண்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். மெத்தில் புரோமைடையும் சோடியம் மூவிணைய பியூட்டாக்சைடையும் சேர்த்தால் ஈதர் கிடைக்கும்.

1877-இல் கண்டறியப்பட்ட ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸ் வினையும் அப்படியே. பென்சீனுடன் 1-குளோரோபுரொப்பேனைச் சேர்த்தால் நேர்ச் சங்கிலி கொண்ட புரொப்பைல் பென்சீன் வரும் என்று தோன்றும். இடையில் தோன்றும் நேர்மின் கார்பன் தன்னைத் திருத்திக்கொண்டு அதிக நிலைப்புள்ள வடிவை அடைவதால், பெரும்பாலும் கிடைப்பது ஐசோபுரொப்பைல் பென்சீன்.

ஆறாம் கேள்வி: பெயர் யாருடையது?

ஹாஃப்மன் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வினைகள் உண்டு. கோல்ப் பெயரிலும் அவ்வாறே. சோடியம் அசிட்டேட் கரைசலை மின்னாற்பகுத்தால் ஈத்தேன் தருவது ஒரு கோல்ப் வினை. சோடியம் ஃபீனாக்சைடுடன் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து, பின்னர் அமிலமாக்கிச் சாலிசிலிக் அமிலம் பெறுவது கோல்ப்-ஷ்மிட் வினை. "கோல்ப் வினையை விளக்குக" என்ற வினாவுக்குக் குறிப்பு எதனை விடையாகத் தருகிறது, வினா எதனைக் கேட்கிறது என்று பாருங்கள். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய நம் ஊரில் தந்தை பெயரைக் கேட்போம். வினைக்கும் அப்படிக் கேளுங்கள்.

பத்து நகல் பத்துச் சாட்சி அல்ல

இப்போது ஒரு முக்கியமான செய்தி. "ஹஜ்ரத், பத்துக் குறிப்புகளில் பார்த்தேன், பத்திலும் இப்படித்தான் இருக்கிறது" என்று மாணவர்கள் சொல்வதுண்டு. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்பவர்கள், பல வழிகளில் வந்த ஒரு செய்தி இறுதியில் ஒரே மனிதரிடம் சென்று சேர்ந்தால், அதை ஒருவர் சொன்ன செய்தியாகவே எடுத்துக்கொள்வர். இதே அளவுகோலை இங்கும் வையுங்கள். ஒரு தாளிலிருந்து பத்து நகல் எடுத்தால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். ஒரே எழுத்துப்பிழை, ஒரே சொல்லமைப்பு, ஒரே படம் இரண்டு குறிப்புகளிலும் இருந்தால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அறிந்துகொள்ளுங்கள். இன்று கேள்வி கேட்டால் உடனே பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துள்ளன. அவை உதவும், ஆனால் சரியானதையும் தவறானதையும் ஒரே உறுதியான குரலில் சொல்லும். அவற்றிடமும் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

உலகெங்கும் உள்ள வேதியியலார் இதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? 1921 முதல் 'ஆர்கானிக் சிந்தசிஸ்' என்ற வெளியீடு வந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஒருவர் ஒரு செய்முறையை அனுப்பினால் அதை உடனே அச்சிட்டுவிட மாட்டார்கள். ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் அதே செய்முறையை மீண்டும் செய்து பார்ப்பார்கள். அவர்கள் கையிலும் அதே பொருள் கிடைத்தால்தான் அச்சேறும். முகாபலா என்று நம் முன்னோர் செய்ததும் இதுவே. அங்கே எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டனர், இங்கே செயலோடு எழுத்தை ஒப்பிடுகின்றனர்.

பிழை காண்பதிலும் ஒழுக்கம் வேண்டும்

மாணவர்களே! பிழை காணக் கற்றுக்கொண்டவுடன் காண்பதெல்லாம் பிழையாகத் தோன்றும். நிதானம் தேவை. அசிட்டால்டிஹைடு என்று ஒரு நூலிலும் எத்தனல் என்று மற்றொரு நூலிலும் இருந்தால் முரண்பாடு இல்லை. இரண்டும் ஒரே பொருளின் பழைய பெயரும் முறைப்பெயரும். 413 கெல்வின் என்பதும் 140 டிகிரி செல்சியஸ் என்பதும் ஒன்றே. ஆகவே முதலில் பாடநூலைப் பாருங்கள். பின்னர் காரணத்தைச் சிந்தியுங்கள். அதன்பின் ஆசிரியரிடம் கேளுங்கள். காரணம் சொல்ல முடியாத வரையில் "பிழை" என்று எழுதாதீர்கள். "ஐயம்" என்று எழுதுங்கள்.

பிழை கண்டால் எழுதியவரை இகழவும் வேண்டாம். மருத்துவ மேதை அர்ராஸி அவர்கள் கிரேக்க மருத்துவர் கேலனைத் தம் ஆசானாகவே மதித்தார். எனினும் கேலன் மீதான ஐயங்களைத் தொகுத்துத் தனி நூல் எழுதினார். இப்னுல் ஹைதம் அவர்கள் தாலமியின் வானியல் மீதான ஐயங்களை நூலாக்கினார். மதிப்பு வேறு, ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர். உங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டால், வகுப்பு முடிந்தபின் அருகில் சென்று பணிவாகக் கேளுங்கள். நல்லாசிரியர் எவரும் அதற்காகக் கோபிக்க மாட்டார்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

நிர்வாகக் குழுவினர் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: நம் நூலகத்தில் ஒரு பிழைப் பதிவேடு வைக்கப்பட வேண்டும். நூலின் பெயர், பக்கம், அச்சில் உள்ளது, சரியானது, காரணம், சரிபார்த்தவர் என ஆறு கட்டங்கள் போதும். காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் அப்பதிவு செல்லாது.

இரண்டு: சரிபார்க்கப்பட்ட திருத்தங்களை ஒரு தாளில் எழுதி அந்தந்த நூலின் முன்னட்டையின் உட்புறம் ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டு அந்த நூலை எடுக்கும் பிள்ளைக்கு அது பயன்படும். பதிப்பாளருக்கும் ஒரு கடிதம் எழுதலாம். அடுத்த பதிப்பில் ஊர் பேர் தெரியாத பிள்ளைகளும் பயன் பெறுவர்.

மூன்று: ஜமாஅத் முத்திரையுடன் வழங்கப்படும் எந்தப் பாடக் குறிப்பும் அத்துறை படித்த இருவர் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே வழங்கப்பட வேண்டும். நம் மஹல்லாவில் வேதியியல் படித்த பட்டதாரிகள் இருக்கின்றனர். வீட்டிலிருக்கும் பட்டதாரிச் சகோதரிகளும் இருக்கின்றனர். வாரம் ஒரு மணி நேரம் அவர்கள் தந்தால் போதும். முத்திரை என்பது ஓர் உறுதிமொழி. அதை நம்பித்தான் ஒரு தாய் அந்தத் தாளைத் தன் பிள்ளையிடம் கொடுக்கிறாள்.

நான்கு: பிழையைக் கண்டுபிடித்துக் காரணத்துடன் எழுதும் மாணவருக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்க வேண்டும். அதிக மதிப்பெண் பெற்றவருக்குப் பரிசு தருகிறோம், அது நல்லதே. பிறர் வழுக்காமல் இருக்கப் பாதையில் கிடந்த கல்லை எடுத்துப் போட்டவருக்கும் ஒரு பரிசு வேண்டாமா?

பெற்றோர்களுக்கு ஒரு சொல். "புத்தகத்தில் அச்சடித்திருப்பது தவறாக இருக்குமா? பேசாமல் படி!" என்று பிள்ளையை அடக்கிவிடாதீர்கள். தவறாக இருக்கலாம். அதைக் கேட்கும் பிள்ளை சோம்பேறி அல்ல. மற்றவர்களைவிடக் கூர்ந்து படிக்கும் பிள்ளை. உங்களுக்கு விடை தெரியாவிட்டாலும், "யாரிடம் கேட்கலாம்?" என்று பிள்ளையுடன் சேர்ந்து தேடுங்கள்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் நாளை மருத்துவராகலாம், மருந்தாளுநராகலாம், ஆய்வுக்கூடத்தில் பணியாற்றலாம். அங்கே ஒரு மருந்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் காணும் கண்ணும், "இது சரியா?" என்று கேட்கும் துணிவும் உங்களுக்கு வேண்டும். அந்தக் கண்ணும் துணிவும் இந்தப் பனிரெண்டாம் வகுப்புக் குறிப்பேட்டிலேயே உருவாகட்டும். நூலகத்தில் பிழைப் பதிவேடு வைக்கப்படும் நாளில், அதன் முதற்பக்கத்தில் முதற்பதிவை நம் மாணவி ஒருவர் எழுத வேண்டும் என்பது நம் விருப்பம். அந்த 413 கெல்வின் பதிவு தயாராகவே இருக்கிறது.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.